பாப்பா தவழ ஆரம்பிச்சிட்டா, வீட்டுக்கு என்னென்ன பாதுகாப்புச் சாமான் வாங்கணும்?

கொலுசுவீட்டு மருமகள் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம்ங்க. சேலம் செவ்வாய்ப்பேட்டையில கூட்டுக் குடும்பமா இருக்கோம். பாப்பாவுக்கு எட்டு மாசம். கொஞ்ச நாள் முன்னாடி வரைக்கும் வயித்தால நகர்ந்துட்டு இருந்தவ, இப்ப முட்டி போட்டுத் தவழ்றா. உலையில அரிசியப் போட்டுட்டுத் திரும்பினா ஆள் பட்டறை வாசல்ல இருக்கா.

வீட்டைப் பத்திச் சொல்லிடறேன், அப்பத்தான் உங்களுக்கும் பதில் சொல்ல வசதியா இருக்கும். பழைய வீடு, நீளவாக்குல போகும். முன் ரூம்ல மாமனாரும் வீட்டுக்காரரும் கொலுசுப் பட்டறை வச்சிருக்காங்க. அடுத்தது ஹால், ஹால்லயே மாடிப்படி, அப்புறம் சமையக்கட்டு, கடைசியில பொடக்காளி, அதாவது பின்கட்டு. பொடக்காளியில தரைக்குள்ள தண்ணித் தொட்டி இருக்கு, இரும்பு மூடி போட்டது. மேட்டூர் தண்ணி எங்க தெருவுக்குத் தினம் வராதுங்கறதால டிரம், அண்டா, குடம் எல்லாம் எப்பவும் ரொப்பியே இருக்கும். படிக்கட்டுல ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் கம்பிக் கைப்பிடி. ரெண்டு கம்பிக்கு நடுவுல என் முஷ்டி தாராளமா நுழையுது.

நாத்தனார் பெங்களூர்ல இருக்காங்க. அவங்க ஒரு செட் அனுப்பி இதை வாங்கிடுன்னு சொல்றாங்க. டீபாய் முனைக்கு ஒட்டற ரப்பர், பிளக் ஓட்டைக்கு மூடி, டிராயர் பூட்டு, கதவு நசுக்காம இருக்க ஒரு பஞ்சு வளையம், டாய்லெட் மூடிக்குப் பூட்டுன்னு நிறைய சாமான் அதுல இருக்கு. எங்க வீட்ல இந்தியன் டாய்லெட்தான். எங்கம்மா வீட்ல இருந்து சக்கரம் வச்ச வாக்கர் வாங்கித் தர்றேன்னு நிக்கிறாங்க. மாமனார், எங்க பிள்ளைங்க நாலு பேரும் இதே வீட்லதான் தவழ்ந்தாங்க, கண்ணு வச்சுப் பாத்துக்கிட்டாப் போதும்னு சொல்றார். அவர் சொல்றதுல அன்பு இருக்கு. ஆனா அப்ப வீட்ல பாத்துக்க ஆறு பொம்பளைங்க இருந்தாங்க, இப்ப நானும் அத்தையும் மட்டும்தான். அத்தைக்கு முட்டி வலி, ஓடிப் பிடிக்க முடியாது.

ஏழாயிரம் ரூபாய் தனியா எடுத்து வச்சிருக்கேன். எதை முதல்ல வாங்கணும், எது வேண்டாம், படிக்கட்டுக்கு ரெடிமேட் கேட் நல்லதா இல்ல இங்கயே அடிச்சுக்கலாமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

ஃபேர்லேண்ட்ஸ் அப்பா

எங்க பையனுக்கு இப்ப ரெண்டு வயசு. நாங்க இருக்கறது அபார்ட்மெண்ட், உள்ளுக்குள்ள படி கிடையாது. சமையலறை வாசலுக்கு ரெடிமேட் கேட் ஒண்ணு போட்டோம். சுவர்ல ஓட்டை போட வேண்டியதில்லை, ரெண்டு பக்கமும் திருகி இறுக்கினா நின்னுக்கும். இன்னைக்கு வரைக்கும் நல்லா இருக்கு. வாசல் அகலத்தை மேல, நடுவுல, கீழன்னு மூணு இடத்துல அளந்துட்டு ஆர்டர் பண்ணுங்க, பழைய சுவர் ஒரே அகலமா இருக்காது.

முனைக்கு ஒட்டற ரப்பர் எங்க வீட்ல ஒரு வாரம்கூட நிக்கல. பிச்சு வாயில வச்சிட்டான். டீபாயையே எடுத்து மாமியார் வீட்டுக்கு அனுப்பிட்டோம், ஹாலும் பெருசாச்சு.

அஸ்தம்பட்டி வயரிங்

சகோதரி, நான் எலக்ட்ரிக்கல் வேலை செய்றவன், கூடவே தம்பியோட கிரில் பட்டறையும் இருக்கு. ரெண்டுக்கும் சேர்த்துச் சொல்றேன்.

முதல்ல கரண்ட். அந்த பிளக் மூடியை வாங்காதீங்க. இப்ப வர்ற ஐஎஸ்ஐ முத்திரை சாக்கெட்ல கீழ் ரெண்டு ஓட்டைக்குள்ள பிளாஸ்டிக் ஷட்டர் இருக்கும். மேல இருக்கற பெரிய ஓட்டையில பிளக்கோட நீள முள் போனாத்தான் ஷட்டர் விலகும். குழந்தை கீழ் ஓட்டையில ஹேர்பின்னை விட்டாலும் உள்ள போகாது. சில மூடியில மேல் ஓட்டைக்கும் ஒரு முள் வச்சிருக்காங்க, அதைச் சொருகினா ஷட்டரை நாமளே திறந்து வச்ச மாதிரி ஆயிடும். சின்ன மூடின்னா குழந்தை பிடுங்கி வாயில போட்டுக்கும். உங்க வீட்ல பழைய சாக்கெட்டா இருந்தா, தரையில இருந்து எட்டற உயரத்துல இருக்கறதை மட்டும் ஷட்டர் வச்சதா மாத்திடுங்க. செலவு கம்மி.

அதைவிட முக்கியம், மெயின் போர்டுல ஆர்சிசிபி, அதாவது ஷாக் அடிச்சா உடனே கரண்டை கட் பண்ற ஸ்விட்ச் இருக்கான்னு பாருங்க. கடைக்காரங்க இஎல்சிபின்னு சொல்வாங்க. 30 மில்லியாம்ப் போட்டதா இருக்கணும். எம்சிபி வேற, அது வயர் சூடாகி எரியாம பாத்துக்கும், ஆளுக்கு ஷாக் அடிச்சா கட் ஆகாது. ஆர்சிசிபியில ‘டி’ (T)ன்னு எழுதின ஒரு பட்டன் இருக்கும். மாசம் ஒரு தடவை அமுக்கிப் பாருங்க, டப்புன்னு விழணும். விழலைன்னா ஆளைக் கூப்பிடுங்க. பட்டறையில மோட்டார், பாலிஷ் மெஷின் எல்லாம் ஓடுதுன்னா எர்த்தும் ஒரு தடவை செக் பண்ணிடணும்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையில கிடக்கக் கூடாது. செல்போனைக் கழட்டிட்டு சார்ஜர் வயரை அப்படியே தொங்கவிட்டு ஸ்விட்ச் போட்டிருப்பாங்க, அந்த நுனி நேரா குழந்தை வாய்க்குத்தான் போகும். இதை எத்தனையோ வீட்ல பாத்திருக்கேன்.

கேட் விஷயம். மேல் படிக்கு ஃபேர்லேண்ட்ஸ் சார் சொன்ன இறுக்கற மாதிரி கேட் கூடவே கூடாது. அது சமையலறை வாசலுக்குச் சரி, கீழ்ப் படிக்கும் சரி. மாடியில குழந்தை முழு எடையோட சாய்ஞ்சா அது நழுவிரும், கேட்டோட சேர்ந்து உருளும். தவிர அந்த ரகத்துல தரையோட ஒரு பட்டை ஓடும், கையில குழந்தையத் தூக்கிட்டு இறங்கறவங்க அதுல தடுக்கி விழலாம். மேல கண்டிப்பா சுவர்ல ஓட்டை போட்டு ஸ்க்ரூ அடிச்ச கேட்தான்.

இங்கயே அடிச்சுக்கலாம். குறுக்குக் கம்பி நடுவுல எங்கயும் வேண்டாம், கால் வச்சு ஏறிடும். நெட்டுக் கம்பி மட்டும். கம்பிக்குக் கம்பி இடைவெளி இரண்டேகால் அங்குலத்துக்கு மேல போகக் கூடாது. உயரம் முப்பது அங்குலம். படிப் பக்கமா திறக்கக் கூடாது, உள் பக்கமா திறக்கணும். பெயிண்ட் அடிக்கறப்ப வீட்டு உபயோகத்துக்குன்னு விக்கற பெயிண்டை நீங்களே வாங்கிக் குடுங்க. வீட்டு பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல 90 பங்கு) மேல இருக்கக் கூடாதுன்னு 2017 நவம்பர்ல இருந்து சட்டம் இருக்கு. தொழிற்சாலைக்குன்னு வர்ற பெயிண்டுக்கு அந்தச் சட்டம் இல்லை. பல் முளைக்கிற குழந்தை கேட் கம்பியைக் கடிக்காம விடாது.

கன்னங்குறிச்சி பாட்டி

கண்ணு, நான் குழந்தைங்க வார்டுல ஸ்டாஃப் நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ. இப்ப பேரன் என் கையிலதான் வளர்றான். நீ எழுதினதுல அந்தத் தண்ணித் தொட்டியப் படிச்சதும் எனக்கு வேற எதுவும் ஓடல, அதனால முதல்ல அங்க இருந்தே ஆரம்பிக்கறேன்.

நம்ம பக்கத்து வீடுகள்ல இருந்து வார்டுக்குத் தூக்கிட்டு வந்த குழந்தைங்க டீபாய் முனையில இடிச்சுக்கிட்டு வந்ததில்ல. அப்படி இடிச்சா வீங்கும், ஐஸ் வச்சா வடிஞ்சிடும். எங்ககிட்ட வந்ததெல்லாம் தண்ணியில விழுந்தது, வடிச்ச கஞ்சி மேல கொட்டினது, மண்ணெண்ணெய் குடிச்சது, சூடம் முழுங்கினது, தொண்டையில கடலை மாட்டினது. உன் ஏழாயிரத்தையும் இந்த வரிசையில செலவு பண்ணு. அந்த செட்ல இருக்கற சாமான்ல பாதிக்கு மேல உன் வீட்டுக்கு வேலை இல்லை.

தண்ணி. தவழ்ற குழந்தை மூழ்கறதுக்கு அஞ்சு சென்டிமீட்டர் தண்ணி போதும். பக்கெட்டை எட்டிப் பாக்கறப்ப தலை கனம் இழுத்துரும், கையை ஊணி எழத் தெரியாது, சத்தமும் வராது. அடுத்த ரூம்ல இருக்கறவங்களுக்குக் காதுல எதுவும் விழாது. அதனால பக்கெட்டைப் புழங்கினதும் கவுத்து வை. டிரம்முக்கு இறுக்கி மாட்டற மூடி உள்ளதா பாத்து வாங்கு, சும்மா மேல வைக்கற மூடி உதவாது. அண்டாவைத் தரையில வைக்காம மேடையில ஏத்திடு. பாத்ரூம் கதவுக்கு வெளிப்பக்கம் உன் தோள் உயரத்துல ஒரு தாழ்ப்பாள் போடு. உள்பக்கம் கீழ இருக்கற தாழ்ப்பாளைக் கழட்டிடு, இல்லைன்னா இன்னும் ஆறு மாசத்துல உள்ள போய்ப் பூட்டிக்கிட்டு அழும், நீங்க கதவை உடைக்கணும்.

தரைத் தொட்டி மூடி கனமா இருக்கு, குழந்தையால தூக்க முடியாதுன்னு நினைப்பீங்க. எனக்குப் பயம் மூடியில்ல, அது திறந்திருக்கற நேரம். தண்ணி விடறாங்கன்னு தெரு முழுக்கக் குரல் கேக்கும், ராத்திரியோ விடியக்காலமோ எழுந்து ஓடுவோம். மூடியத் தள்ளி வச்சுட்டு ஹோஸ் உள்ள விட்டிருப்போம், ஒருத்தர் மோட்டார்ல நிப்பார், ஒருத்தர் குடம் மாத்துவார். அந்தச் சத்தத்துல பாப்பா முழிச்சுக்கும். தொட்டில்ல இருக்குன்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டிருப்பாங்க. அதனால ரெண்டு வேலை பண்ணு. ஹோஸ் நுழையற அளவுக்கு மூடியிலயே ஒரு ஓட்டை போட்டு, குழாயை நிரந்தரமா வெல்டு பண்ணிக்கோ, அப்பறம் தண்ணி பிடிக்க மூடியத் திறக்கவே தேவையில்ல. மூடிக்குக் கீலும் பூட்டும் போடு, சாவி பெரியவர்கிட்ட இருக்கட்டும். மூடி ஓரம் துரு பிடிச்சு அரிச்சிருந்தா மாத்திடு. உன் பணத்துல முதல் செலவு இதுதான், கேட்டுக்கும் முன்னாடி. பொடக்காளிக் கதவுக்கும் மேல் தாழ்ப்பாள் போட்டுடு.

அப்புறம் பட்டறை. மாமனார் மனசு நோகாம சொல்லணும், ஆனா சொல்லித்தான் ஆகணும். அழுக்கெடுக்கற ஆசிட்டைத் தண்ணி பாட்டில்லயோ கூல்டிரிங்ஸ் பாட்டில்லயோ ஊத்தி வைக்கவே கூடாது. ஆசிட் குடிச்ச குழந்தைக்கு உணவுக்குழாய் வெந்து, ஆறும்போது சுருங்கிரும். பால்கூட இறங்காது, வருஷக்கணக்குல ஆஸ்பத்திரிக்கு நடக்கணும். வந்த கேன்லயே வச்சு மேல் ஷெல்ஃப்ல பூட்டணும். பொடி, பத்தவைக்கற வெங்காரம் எல்லாம் அதே மாதிரி உயரத்துல பூட்டி வைக்கணும். பட்டறை வாசலுக்கு இடுப்பு உயரத்துல அரைக்கதவு ஒண்ணு போட்டுட்டா அவங்களுக்குக் காத்தும் வரும், பாப்பாவைப் பாத்துக்கிட்டே வேலையும் செய்யலாம். பட்டறைச் சட்டையோட குழந்தையைத் தூக்க வேண்டாம். கை கழுவி, மேல் சட்டை மாத்திட்டுத் தூக்கச் சொல்லு, உலோகத் தூசி அந்தத் துணியில இருக்கும்.

கொலுசுக்கார வீட்ல இன்னொண்ணு. உதிர்ந்த முத்து, மணி, கொக்கி ஹாலுக்கு உருண்டு வரும். தாத்தா ஆசையா பேத்திக்குச் செஞ்சு போட்ட கொலுசையும் எடுத்துப் பாரு. பூட்டற இடத்துல திருகாணி இருக்கா? என் பேரனுக்குப் போட்டதுல திருகாணி மிளகு அளவுதான் இருந்துச்சு, ரெண்டு விரல்ல சுத்தினா கையோட வந்துருச்சு. கொக்கி வச்சு, மணியெல்லாம் பத்தவச்சுத் தரச் சொல்லு. உன் வீட்லயே அதுக்குக் கை இருக்கு. கழுத்துல கயிறோ செயினோ இருந்தா தூங்க வைக்கறப்ப கழட்டிடு.

எது தொண்டையில மாட்டும்னு பாக்கறதுக்கு வயரிங் தம்பிகிட்டயோ பிளம்பர்கிட்டயோ ஒண்ணேகால் அங்குல பிவிசி பைப்ல ஒரு விரல் நீளத் துண்டு வாங்கி வச்சுக்கோ. அதுக்குள்ள முழுசா போற எதுவும் பாப்பா கைக்குப் போகக் கூடாது. வேர்க்கடலை, பொட்டுக்கடலை, புளியங்கொட்டை, திராட்சை எல்லாமே போகும். பொம்மை வாங்கினா ஐஎஸ்ஐ முத்திரை பாத்து வாங்கு, 2021 ஜனவரியில இருந்து அது கட்டாயம். பாட்டு பாடற பொம்மை, டிவி ரிமோட், டிஜிட்டல் தெர்மாமீட்டர் இதுல எல்லாம் காசு மாதிரி தட்டையான பேட்டரி இருக்கும். மூடிக்கு ஸ்க்ரூ இருக்கறதை மட்டும் வை. அந்த பேட்டரி தொண்டையில சிக்கினா ரெண்டு மணி நேரத்துலயே உள்ள வெந்துரும். முழுங்கியிருக்கும்னு சந்தேகம் வந்தாலே காத்திருக்காம எக்ஸ்ரே வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்.

இப்ப சாமி அலமாரி. சூடத்தைத் தரையில இருந்து எட்டற இடத்துல வைக்காத. வெள்ளையா, வாசனையா, கற்கண்டு மாதிரி இருக்கும். சின்னக் குழந்தைக்கு ஒரு கிராம் உள்ள போனாலே வலிப்பு வரலாம், அதுவும் சில நிமிஷத்துலயே. சளிக்குத் தேங்காய் எண்ணெயில சூடம் போட்டுக் காய்ச்சி நெஞ்சுல தடவற பழக்கம் உங்க வீட்ல இருந்தா அதையும் நிறுத்திடுங்க. பீரோவுல போடற அந்துருண்டை, எலி பேஸ்ட், கொசு மருந்து பாட்டில் எல்லாம் இதே ஜாதிதான். எலி பேஸ்ட் டூத்பேஸ்ட் மாதிரியே ட்யூப்ல வரும், அதுல இருக்கற மஞ்சள் பாஸ்பரஸ் ஈரலைக் கெடுத்துரும். குழந்தை இருக்கற வீட்டுக்குள்ள அதைக் கொண்டு வரவே வேண்டாம், எலிப்பொறி வச்சுக்கோங்க.

எதையாவது குடிச்சிருச்சுன்னா வாந்தி எடுக்க வைக்காத. உப்புத் தண்ணி குடுக்கறது, விரல் விடறது எதுவும் வேண்டாம். மண்ணெண்ணெய் வாந்தியா வர்றப்ப நுரையீரலுக்குப் போயிரும், ஆசிட் வெந்த இடத்தையே ரெண்டாந் தடவை வேக வைக்கும். 108-க்குக் கூப்பிடு, பாட்டிலையும் கையோட எடுத்துட்டுப் போ. டாக்டர் முதல்ல கேக்கறது அதைத்தான்.

வாக்கர் வேண்டாம். உங்கம்மாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு. அதுல உக்காந்த குழந்தை ஒரு நொடியில மூணு அடிக்கு மேல பாயும், நீ எட்டிப் பிடிக்கறதுக்குள்ள படி வந்துரும். உக்காந்த உயரத்துக்கு அடுப்பு மேடைத் துணியும் டீ டம்ளரும் எட்டும். கனடாவுல 2004-லயே அதை விக்கக் கூடாதுன்னு தடை போட்டுட்டாங்க. சீக்கிரம் நடக்கும்ங்கறதும் உண்மையில்லை. அவங்க ஆசைக்கு, பிடிச்சு நிக்க ஆரம்பிச்சதும் ஒரு மர நடைவண்டி வாங்கிக் குடுக்கட்டும். தரை சமமா இருக்கற ஹால்ல, யாராவது பக்கத்துல இருக்கறப்ப தள்ளிட்டு நடக்கலாம்.

தொட்டில் பத்தி நீ எழுதல, ஆனா சேலைத் தொட்டில் கண்டிப்பா கட்டியிருப்பீங்க. கொக்கியையும் கயிறையும் இழுத்துப் பாரு. தானா எழுந்து உக்கார ஆரம்பிச்ச குழந்தையைத் தொட்டில்ல தனியா விடக் கூடாது, எட்டிப் பாத்து தலைகீழா விழும், இல்லைன்னா துணி கழுத்தைச் சுத்தும். இனிமே பகல் தூக்கத்துக்குத் தரையில பாய் போட்டு, மேல மெல்லிசா ஒரு மெத்தை விரிச்சுப் படுக்க வை. அதைவிடப் பத்திரமான கட்டில் கடையில கிடையாது.

கஞ்சி வடிக்கறதைத் தரையில வச்சு வடிக்காம மேடையிலயே வடி. குளிக்க வார்க்கறப்ப பச்சைத் தண்ணிய முதல்ல ஊத்திட்டு அப்புறம் சுடுதண்ணி ஊத்து. இரும்பு பீரோவை எல் கிளாம்ப் வச்சு சுவரோட பிடிச்சிரு. டிராயர் பூட்டு, பஞ்சு வளையம் எல்லாம் பணம் மிச்சம் இருந்தா பாத்துக்கலாம்.

கொலுசுவீட்டு மருமகள்

பாட்டி, படிச்சுட்டு அத்தைக்கும் வாசிச்சுக் காட்டினேன். அத்தை அப்பவே எழுந்து சூடம் டப்பாவை மேல வச்சிட்டாங்க. மாமனார் ஒண்ணும் பேசல, சாயந்தரம் பாப்பா கொலுசை வாங்கிட்டுப் போய் திருகாணியை எடுத்துட்டுக் கொக்கி வச்சுக் குடுத்தார். அரைக்கதவுக்கும் சரின்னுட்டார். தொட்டி மூடிக்கு ஆள் வரச் சொல்லியிருக்கோம்.

வயரிங் அண்ணா, மெயின் போர்டுல எம்சிபி மட்டும்தான் இருக்கு, அந்த டி பட்டன் எங்கயும் இல்லை. கேட்டுக்கு ஒரு சந்தேகம். மாடியில ஒரு பக்கம்தான் சுவர், இன்னொரு பக்கம் கைப்பிடியோட இரும்புத் தூண். அதுல எப்படிப் பிடிக்கறது? அப்புறம், பாப்பாவுக்குத் தொண்டையில ஏதாவது மாட்டினா அந்த நிமிஷம் என்ன பண்ணணும்னு யாராவது சொல்லுங்க. அதுதான் எனக்கு ராத்திரி தூக்கத்தைக் கெடுக்குது.

நாகலூர் காபி

ஏற்காட்ல இருந்து எழுதறேன். லீவுக்கு மலைக்கு வர்ற சேலத்துக்காரங்களுக்கும் இது உபயோகப்படும்னு சேர்த்துச் சொல்றேன்.

இங்க குளிருக்குக் கரி அடுப்பை ரூமுக்குள்ள வச்சுக் கதவு ஜன்னலைச் சாத்திட்டுப் படுக்கற பழக்கம் சில வீடுகள்ல இன்னும் இருக்கு. அதுல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு நெடியும் கிடையாது, நிறமும் கிடையாது. குழந்தை இருக்கற ரூம்ல கூடவே கூடாது. காத்தோட்டம் இல்லாத பாத்ரூம்ல கேஸ் கெய்சர் வைக்கறதும் இதே ஆபத்துதான். நாங்க குழந்தைக்கு ரெண்டு அடுக்கு உடுப்பு, சாக்ஸ் போட்டுடறோம், மேல கனமான கம்பளி போர்த்தறதில்ல, மூஞ்சியை மூடிரும். ஹீட்டர் வச்சா கட்டில்ல இருந்து மூணு அடி தள்ளி, தூங்கறதுக்கு முன்னாடி ரூமைச் சூடாக்கிட்டு அணைச்சிடறோம்.

எஸ்டேட் வீடுகள்ல இருக்கறவங்க மயில் துத்தத்தை (காப்பர் சல்பேட்) பாத்து வைக்கணும். காபிக்கும் மிளகுக்கும் அடிக்கற போர்டோ கலவைங்கற பூஞ்சை மருந்துக்கு மூட்டையா வாங்கி வீட்டு ஓரத்துலயே போட்டிருப்பாங்க. நீலக் கல்கண்டு மாதிரி மினுமினுன்னு இருக்கும், எந்தக் குழந்தையும் எடுக்கும். எங்க மூட்டை இப்ப தனிக் கொட்டாயில பூட்டுக்குள்ள இருக்கு.

கன்னங்குறிச்சி பாட்டி

கண்ணு, தொண்டையில மாட்டினதுக்கு. குழந்தை இருமுது, அழுதுன்னா விடு, இருமட்டும், முதுகுல தட்டாத. இருமல் வரல, சத்தம் வரல, முகம் நீலம் பாயுதுன்னாத்தான் நீ செய்யணும். உக்காந்து, ஒரு வயசுக்குள்ள இருக்கற குழந்தையை உன் முன்கையில குப்புறப் படுக்க வை. தலை உடம்பைவிடத் தாழ இருக்கணும், தாடையை உன் விரல் தாங்கணும். உள்ளங்கையோட அடிப்பகுதியால ரெண்டு தோள்பட்டைக்கு நடுவுல அஞ்சு தட்டு. வரலைன்னா மல்லாக்கத் திருப்பி, மார்புக் காம்புக்குச் சத்தே கீழ, நெஞ்செலும்பு மேல ரெண்டு விரலால அஞ்சு அமுக்கு. மறுபடி குப்புற அஞ்சு. இப்படி மாத்தி மாத்திப் பண்ணணும். வயித்தை அமுக்கக் கூடாது. பொருள் கண்ணுக்குத் தெரியாம வாய்க்குள்ள விரலை விட்டுத் துழாவக் கூடாது, உள்ள தள்ளிரும். குழந்தை துவண்டு போச்சுன்னா 108-க்கு இன்னொருத்தர் கூப்பிடட்டும், நீ சிபிஆர், அதாவது நெஞ்சை அமுக்கி மூச்சு ஊதற முதலுதவியை ஆரம்பிச்சிடணும். அதை எழுத்துல கத்துக்க முடியாது. தடுப்பூசிக்குப் போறப்ப குழந்தை டாக்டர்கிட்டயோ நர்ஸ்கிட்டயோ பொம்மையில செஞ்சு காட்டச் சொல்லு. நீ, அத்தை, வீட்டுக்காரர் மூணு பேரும் பாத்துக்கோங்க.

இன்னொண்ணு விட்டுப்போச்சு. ஆடியில கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு உங்க வீட்டுக்குச் சொந்தக்காரங்க நிறைய வருவாங்க. பெரியவங்க பையில சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை இருக்கும், பையைப் பாய் மேலயே வச்சுட்டு உக்காருவாங்க. சில சுகர் மாத்திரை ஒண்ணு போனாலே குழந்தைக்குச் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கிரும். வாசல் பக்கம் உயரத்துல நாலு ஆணி அடிச்சு வை. வந்ததும் பையை வாங்கி நீயே மாட்டிடு.

அஸ்தம்பட்டி வயரிங்

சகோதரி, ஆர்சிசிபி இல்லைன்னா கேட்டுக்கு முன்னாடி அதைப் போட்டுடுங்க. பழைய வயரிங்ல நியூட்ரலும் எர்த்தும் எங்கயாவது சேர்ந்திருந்தா போட்டதும் விழுந்துக்கிட்டே இருக்கும், அதைக் கண்டுபிடிச்சுப் பிரிக்கத் தெரிஞ்ச ஆளா பாத்துக் கூப்பிடுங்க. தொல்லையா இருக்குன்னு யாராவது நேரா இணைச்சுட்டுப் போக விடாதீங்க.

இரும்புத் தூண்ல கேட்டை வெல்டு பண்ண வேண்டாம், அப்புறம் கழட்ட முடியாது. யு கிளாம்ப் ரெண்டு போட்டு தூணோட ஒரு மரச் சட்டத்தை இறுக்கிக்கலாம், கேட்டோட கொண்டி அந்தச் சட்டத்துல உக்காரும். கீல் சுவர்ப் பக்கம் வரட்டும், எடை முழுக்கச் சுவர் தாங்கும். பழைய சுண்ணாம்புச் சுவர்னா ஸ்க்ரூவுக்குச் சொருகற சாதாரண பிளக் நிக்காது, நீள ஆங்கர் போல்ட் போடச் சொல்லுங்க. போட்டதும் நீங்களே கேட்டைப் பிடிச்சு முழு பலத்தோட ஆட்டிப் பாருங்க, அசைஞ்சா காசு குடுக்காதீங்க. தரைக்கும் கேட்டுக்கும் நடுவுல ரெண்டு அங்குலத்துக்கு மேல இடம் விட வேண்டாம்.

கைப்பிடிக் கம்பி இடைவெளிக்கு பால்கனியில கட்டற நைலான் வலை வாங்கி, மேலயும் கீழயும் நெருக்கமா வயர் கட்டற பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டிடுங்க. முடிச்சும் டேக் வாலும் வெளிப்பக்கம் இருக்கட்டும். படி அகலமும் தூணோட சுத்தளவும் அளந்து போட்டீங்கன்னா கம்பிக் கணக்கு எழுதித் தர்றேன்.